கருவிலிருந்த குழந்தையின் பித்தநாளத்தைப் பார்த்துச் சொன்ன ஸ்கேன் மையம்: ஒரு தாயின் மதிப்புரை

திருச்சி தில்லை நகர்ப் பகுதியில் உள்ள ஒரு ஃபீட்டல் மெடிசின் (கருவிலுள்ள குழந்தைக்கான மருத்துவ) மையத்தில், என் இரண்டாவது கர்ப்பத்தின் 23ஆம் வாரத்தில் தொடங்கி 36ஆம் வாரம் வரை நான்கு முறை ஸ்கேன் செய்துகொண்டேன். குழந்தையின் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாயில், நீர்க்கட்டி இருப்பதாகச் சந்தேகம் எழுந்ததே அங்கே போனதற்குக் காரணம். அந்த மையத்தின் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே பிரச்சினையோடு வேறு ஊரில் வேறு மையத்துக்குப் போகும் தாய்மாருக்கும், அங்கே எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது பயன்படும் என்று நம்புகிறேன்.

டார்கெட் ஸ்கேன் என்று எல்லோரும் சொல்லும் ஐந்தாம் மாத ஸ்கேனை எங்கள் ஊரிலேயே ஒரு சிறிய சென்டரில் எடுத்தோம். அன்று எனக்கு 21 வாரமும் 4 நாளும் ஆகியிருந்தன. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில், வயிற்றுப் பகுதியில் சிறு நீர்க்கட்டி தெரிகிறது, மேல்பரிசோதனை தேவை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கவுன்டரில் இருந்தவர் உறையை என் கணவர் கையில் கொடுத்து, "டாக்டர்கிட்ட காட்டிக்குங்க சார்" என்று மட்டும் சொன்னார். அடுத்த செக்கப்பில் மகப்பேறு மருத்துவர் பார்த்து, திருச்சிக்குக் கடிதம் கொடுத்து, நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது 23 வாரமும் 2 நாளும் ஆகிவிட்டன. இடையில் கழிந்த அந்த 12 நாள்களுக்கு மருத்துவரீதியாக ஒரு விலை உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் நாள் வரவேற்பில் ஆதார் நகல், முந்தைய ரிப்போர்ட்டுகள், மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். காத்திருப்பு என் கணக்கில் மூன்று மணி நேரம் பத்து நிமிடம். ஏழு மாத வயிற்றோடு வந்தவர்கள்கூட முதுகு சாய்க்க முடியாத பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லும் இடத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. இதை மையத்தின் பெரிய குறை என்றே கருதுகிறேன். கட்டணம் 3,000 ரூபாய். தொடர் ஸ்கேன்களுக்கு அதில் பாதி வாங்கினார்கள்.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகு நடந்தது வேறு. டாக்டர் அவசரப்படவில்லை, முழுதாக நாற்பது நிமிடம் பார்த்தார். எனக்கும் கணவருக்கும் தெரியும்படி சுவரில் தனித் திரை இருந்தது. சாம்பல் நிறத்தில் கல்லீரல், அதன் கீழ்ப்புறத்தில் பேரிக்காய் வடிவத்தில் கறுப்பாகப் பித்தப்பை, அதை ஒட்டி இன்னொரு கறுப்பு வட்டம். திரையில் தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டார். சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் சிவப்பும் நீலமும் துடித்தன. அந்த வட்டத்துக்குள் எந்த நிறமும் வரவில்லை. "ரத்தக் குழாய் விரிஞ்சு இப்படித் தெரியலைங்கறது உறுதிம்மா" என்றார். அளவு 11 மில்லிமீட்டர். அத்தோடு நிறுத்தாமல் இரைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது, மண்ணீரல் ஒன்றுதானா, இதயத்துக்குப் போகும் பெரிய சிரை தன் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். பித்தநாளங்கள் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மண்ணீரல் பலவாகப் பிரிந்திருப்பதும் உறுப்புகள் இடம் மாறியிருப்பதும் சேர்ந்து வரும். அதனால்தான் அந்தத் தேடல். வெறும் கட்டியை அளந்து எழுதிக்கொடுக்கும் ஸ்கேனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

அதன் பின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் வரைந்தார். கல்லீரலுக்குள் சிறு சிறு கிளைகளாகத் தோன்றும் பித்தநாளங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே குழாயாகி, பித்தப்பையின் கிளையையும் சேர்த்துக்கொண்டு சிறுகுடலில் போய் விழுகின்றன. மையத்திலிருந்து சிறிது தூரத்தில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. அதைச் சொல்லியே விளக்கினார். வாய்க்கால் ஓரிடத்தில் அகன்று குளம்போலத் தேங்கி, ஆனாலும் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தால் அது கோலிடோகல் சிஸ்ட், அதாவது பித்தநாள நீர்க்கட்டி. வாய்க்காலே தூர்ந்துபோய், தூர்ந்த இடத்துக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால் அது பிலியரி அட்ரீசியா என்னும் பித்தநாள அடைப்பு நோயின் நீர்க்கட்டி வகை. திரையில் இரண்டும் ஒரே கறுப்பு வட்டம்தான். இவையன்றி, குடலை ஒட்டி உருவாகும் இரட்டைக் குடல் கட்டி, கல்லீரலின் சாதாரண நீர்க்கட்டி என்று வேறு சில வாய்ப்புகளும் உண்டு என்று சொல்லி, அவற்றுக்கான வாய்ப்பு ஏன் குறைவு என்பதையும் காட்டினார்.

இந்த இரண்டு நோய்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது என்பதால் அவற்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். பித்தநாள நீர்க்கட்டி மேற்கு நாடுகளில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிதாகவும், ஜப்பான் முதலிய ஆசிய நாடுகளில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் காணப்படுகிறது. 1977இல் ஜப்பானிய மருத்துவர் டோடானி வகுத்த ஐந்து வகைப் பிரிவைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். பொது நாளம் முழுவதும் பருத்துக் காணப்படும் முதல் வகையே மிகவும் அதிகம். கட்டியை அப்படியே விட்டால் பித்தம் தேங்கி நோய்த்தொற்று, கல், கணைய அழற்சி ஆகியவை வரலாம். வளர்ந்த பின் அந்தச் சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து கல்லீரல் நாளத்தோடு இணைக்கிறார்கள். உரிய காலத்தில் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் இயல்பாக வளர்கிறார்கள்.

பிலியரி அட்ரீசியா அப்படிப்பட்டதன்று. கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளங்கள் அழற்சியால் தழும்பாகி மூடிக்கொள்கின்றன. வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலையே அரிக்கிறது. சிகிச்சையில்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றும், தைவானில் ஏறத்தாழ 6,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய முதற்காரணமாக இருப்பது இந்த நோய்தான். ஜப்பானின் செண்டாய் நகரத்து அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1959இல் வெளியிட்ட முறைப்படி, தழும்பை நீக்கிக் கல்லீரலின் வாயிலிலேயே குடலைத் தைத்துவிடுகிறார்கள். இதைக் குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் செய்வதே நல்லது. நாள் போகப்போகப் பித்தம் திரும்ப ஓடும் வாய்ப்புக் குறைந்துகொண்டே வரும்.

அந்த மையத்துக்கு நான் மிக உயர்ந்த மதிப்பெண் தருவது, ஸ்கேனால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் அவர்கள் அதே தெளிவோடு சொன்னதற்காக. பிலியரி அட்ரீசியாவில் நீர்க்கட்டியோடு வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றக் குழந்தைகளுக்குக் கருவில் எடுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஒரு மயிரிழை நாளம் அடைபட்டிருப்பதை எந்தக் கருவியும் வயிற்றுக்கு வெளியிலிருந்து காட்டாது. சில சமயம் பித்தப்பை தெரியாமலிருப்பது ஒரு குறிப்பாக அமையும். ஆனால் அன்று அது சுருங்கியிருந்ததாலோ குழந்தை படுத்திருந்த நிலையாலோ தெரியாமல் போய், அடுத்த ஸ்கேனில் தெரிவதும் உண்டு. பிறவியிலேயே பித்தப்பை இல்லாமல் நலமாக இருப்பவர்களும் உண்டு. ஆகவே டார்கெட் ஸ்கேன் நார்மல் என்ற ஒரு சொல்லைக் கொண்டு, பிறந்த குழந்தையின் காமாலையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்று, இரண்டிலொன்று என்ற கலக்கத்தில் இருந்த எங்களிடமும் அவர் சொன்னார். எங்களுக்கு நேரடியாகத் தேவைப்படாத செய்தி அது. எங்கள் வழியாக வேறு யாருக்காவது போய்ச் சேரட்டும் என்று சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பனிக்குட நீரைச் சிறிது எடுத்து, அதிலுள்ள செரிமான நொதிகளின் அளவைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பித்தம் குடலுக்குள் இறங்கி, குழந்தையின் ஆசனவாய் வழியாகப் பனிக்குட நீரில் கலந்தால் காமா ஜிடி என்னும் நொதி அதில் இருக்கும். வழி அடைபட்டிருந்தால் குறைந்திருக்கும். ஆனால் ஏறத்தாழ 22ஆம் வாரத்தில் ஆசனவாய்த் தசை முதிர்ந்து இறுகிவிடுவதால், அதன் பிறகு நலமான குழந்தைகளுக்கும் அந்த அளவு இறங்கிவிடும். சோதனைக்குப் பொருளில்லாமல் போகும். நாங்கள் போனது 23 வாரம் 2 நாளில். நான் மேலே சொன்ன 12 நாள்களின் விலை இதுதான். ஊசி போடும் சோதனை என்பதால் நாங்கள் அதற்குச் சம்மதித்திருப்போமா என்பது வேறு. யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. முதல் சென்டரில் அந்த ஒரு வரியை அன்றே யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

எஞ்சியிருந்த வழி, கட்டி எப்படி வளர்கிறது என்று தொடர்ந்து பார்ப்பது. அடைப்பு நோயின் நீர்க்கட்டி பெரும்பாலும் சிறிதாகவே நின்றுவிடும், பித்தப்பையும் சுருங்கிக் காணப்படும். பித்தநாள நீர்க்கட்டி கர்ப்பம் முதிர முதிரப் பெரிதாவதே வழக்கம் என்றார்கள். 28ஆம் வாரத்தில் 14 மில்லிமீட்டர், 32இல் 19, 36இல் 22. ஒவ்வொரு முறையும் அதே டாக்டரே பார்த்தார். அதே கோணத்தில் வைத்து அளந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பித்தப்பையும் நன்றாக நிறைந்தே இருந்தது. நீர்க்கட்டிதான் என்னும் பக்கம் சாய்கிறது, ஆனால் பிறந்த பிறகுதான் உறுதி செய்ய முடியும் என்று 36ஆம் வாரத்தில் சொன்னார். அளவு கூடிக்கொண்டே போனதைக் கேட்டு மகிழ்ச்சியடைந்த தாய் நானாகத்தான் இருப்பேன்.

பித்தநாள நீர்க்கட்டி ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. இந்தச் செய்தியை அவர் கர்ப்ப காலத்தில் ஒருமுறைகூட வாய்திறந்து சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தையின் பாலினத்தைக் கூறக் கூடாது என்னும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலகை அந்த அறை வாசலில் மாட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் எழுத்தை மட்டுமல்லாமல் கருத்தையும் மதிக்கிற ஒருவரிடம் நாங்கள் போயிருந்தோம் என்பதை அந்த மௌனத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

36ஆம் வாரத்தில் அவர் தந்த ஒரு பக்கத் தாள்தான் என்னைப் பொறுத்தவரை அந்த மையத்தின் மிகச் சிறந்த சேவை. தமிழில், கையால் எழுதியது. இந்தக் காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. குழந்தை மருத்துவரும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் உள்ள இடத்தில் பிரசவம் பார்க்க வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குழந்தைக்கு வயிற்று ஸ்கேன். ரத்தச் சோதனையில், காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமியான பிலிரூபினின் மொத்த அளவோடு, பித்தத்தில் வெளியேற வேண்டிய பகுதியான டைரக்ட் பிலிரூபினையும் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், அது 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒவ்வொரு மலத்தின் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பித்தம் குடலுக்குள் இறங்காவிட்டால் மலம் வெளுத்துவிடும்; அப்படி வெளுத்த மலம் என்றால் உடனே வர வேண்டும். எந்தச் சோதனை எந்த நாளில், யாரிடம் போவது, எதைக் கேட்பது என்று எல்லாமே அதில் இருந்தது. பிரசவ வார்டில் அந்தத் தாளை என் கேஸ் ஷீட்டோடு பின் அடித்து வைத்திருந்தோம். பணி மாறி வந்த ஒவ்வொரு டாக்டரும் அதைப் படித்தார்கள். இத்தகைய தாளை 28ஆம் வாரத்திலேயே கொடுக்க வேண்டும். எனக்கு எட்டாம் மாதத்தில் வலி வந்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. அச்சிட்டுத் தரும் முறையான ரிப்போர்ட் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில்தான் இருந்தது என்பதையும் குறையாகச் சொல்ல வேண்டும்.

மகள் 38ஆம் வாரத்தில் சுகப்பிரசவமாகப் பிறந்தாள். அன்றிலிருந்து மலத்தைப் பார்க்கும் பொறுப்பை என் அத்தை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு துணியையும் ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பார். முதலில் கரும்பச்சை, பிறகு அரைத்த பச்சை மஞ்சளின் நிறம். "பொட்டுக்கடலை மாவு மாதிரி ஆனாத்தான் பயப்படணும், இல்லையாம்மா?" என்று டாக்டரிடம் அவரே கேட்டு உறுதி செய்துகொண்டார். தைவானில் 2004 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் நலக் கையேட்டில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஜப்பானிலும் 2012 முதல் தாய் சேய் கையேட்டில் அது இருக்கிறது. தைவானில் அட்டை வந்த பிறகு 60 நாளுக்குள் கசாய் அறுவை செய்யப்படும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. நான் போன மையம் நிறங்களைச் சொற்களில் எழுதிக் கொடுத்தது. ஒரு வண்ண அட்டையை அச்சிட்டுக் கையில் கொடுத்தால் அது எத்தனை வீடுகளில் வேலை செய்யும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நான்காம் நாள் ஸ்கேனில் கட்டி 24 மில்லிமீட்டர்; டைரக்ட் பிலிரூபின் இயல்பாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அறுவை மேசையிலேயே நாளத்துக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, மேலுள்ள கிளைகள் திறந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் பித்தநாள நீர்க்கட்டி என்பது முழுதாக உறுதியானது. கல்லீரலில் தழும்பு இல்லை. ஃபீட்டல் மெடிசின் மையம் சாய்ந்த பக்கமே சரியாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் பிலியரி அட்ரீசியாவோடு ஓர் ஆண் குழந்தை இருந்தான். அவனுடைய கருக்கால ஸ்கேன்கள் எல்லாமே நார்மல். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கண் மஞ்சளாகவே இருந்தபோது, இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தாய் பத்தியம் இருந்து கீழாநெல்லியும் குடித்திருக்கிறாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மூன்று மாதம் நெருங்கிவிட்டது. பிறந்த முதல் வாரத்துச் சாதாரணக் காமாலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பதினான்கு நாளுக்கு மேல் காமாலை நீடித்தால் டைரக்ட் பிலிரூபின் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு வரி, என் தாளில் இருந்தது. அவளிடம் அந்தத் தாள் இல்லை. 1998 நவம்பரில் டெல்லியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை நடந்தது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குத்தான். நோய் இதே பிலியரி அட்ரீசியா, கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார் என்பதை அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மையத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணி டோக்கனை வாங்குங்கள், பதினொரு மணிக்குப் பிறகு கூட்டம் கட்டுக்கடங்காது. முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துச் செல்லுங்கள். முந்தைய ஸ்கேனின் படங்களையும் கேட்டு வாங்கிக் கொண்டு போங்கள். வெறும் ரிப்போர்ட்டை வைத்து ஒப்பிட முடியாது. போனில் முன்பதிவு செய்யும்போது எத்தனை வாரம், என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 22 வாரம் நெருங்குகிறவர்களுக்கு அன்றைக்கோ மறுநாளோ இடம் ஒதுக்குகிறார்கள். நாங்கள் கேட்காததால்தான் எங்களுக்கு நான்கு நாள் தள்ளிக் கிடைத்தது.